தூறல் போடும் இடத்தில் தூண்டில் போடாதீங்க

எங்கள் வயல் கண்மாயின் இரண்டாம் மடைக்குக் கீழே இருக்கிறது. பூச்சிக்கொல்லியை நிறுத்திய மூன்றாம் வருஷம் நெல்லுக்கு நடுவே விரால் குஞ்சுகளைப் பார்த்தேன். மடைத் தண்ணீரோடு இறங்கி வந்தவை. பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. இப்போ இரண்டு வருஷமா ஒன்றையும் காணோம். வயலில் நான் விஷம் எதுவும் தெளிக்கவில்லை. அப்புறம் எங்கே போச்சு?

முன்பு மூங்கில் குச்சியும் மண்புழுவுமாக ஊர்ப்பிள்ளைகள் நாலைந்து பேர் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். கெண்டை, கெளுத்தி சிக்கும். இப்போ ஞாயிறு வந்தால் டவுனிலிருந்து இருபது பைக் வருது. கையில் ரீல் வைத்த ராடு, நுனியில் ரப்பர் தவளை. தூண்டில் போட்டா கண்மாய் காலியாயிடும் என்று நானும் கேலிதான் பேசினேன். எத்தனை மீன் எடுக்கிறோம் என்பதைவிட, எந்த மீனை எப்போ எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கு.

விரால் மழைக்காலத்தில் கரையோரப் புல்லுக்கு நடுவே இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கொத்தாகத் திரியும். விரால் வெளிக்காற்றைச் சுவாசிக்கிற இனம். குஞ்சுக்கூட்டம் மூச்சுக்கு மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் இருக்கும். ஆணும் பெண்ணும் கீழேயே சில வாரம் காவல் நிற்கும். தூண்டில்காரர் தேடுவது இந்தத் தூறலைத்தான். அங்கே தவளையை எறிந்தால் காவல் மீன் பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைத் தூக்கியதும் சிலேபியும் கெளுத்தியும் குஞ்சுகளைத் தின்ன வந்துவிடும்.

போன கார்த்திகையில் அக்கா மகன் இரண்டு கிலோ விரால் கொண்டுவந்தான். குழம்பு வைத்தோம், நானும் சாப்பிட்டேன். மறுநாள் அவன் காட்டிய இடத்தில் பத்துப் பதினைந்து குஞ்சு தெரிந்தது. சாயங்காலம் அதுவும் இல்லை.

போட்டோ எடுத்துட்டு விட்டுடுறோம் என்கிறார்கள் சிலர். கொல்வதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் காவல் இல்லாத அந்த ஐந்து நிமிஷத்திலேயே குஞ்சு குறைந்துவிடும். இன்னொன்று, எல்லோருக்கும் பெரிய மீன்தான் வேண்டும். அதிக முட்டையிடுவதும் பெரிய பெண் மீன்தான்.

நம் பெரியவர்களும் மீன் தின்றவர்கள்தான். எங்கள் சிவகங்கைச் சீமையில் கோடையில் தண்ணீர் வற்றும்போதுதான் மீன்பிடித் திருவிழா. ஊத்தாவோடு ஊரே இறங்கும். அதற்குள் குஞ்சுகள் வளர்ந்திருக்கும். சேற்றில் புதைந்து தப்பிய விரால் அடுத்த மழைக்கு வெளியே வரும்.

இந்த வருஷம் ஆயக்கட்டுக்காரர்கள் கூடிப் பேசினோம். ஐப்பசி முதல் தை வரை கரைப்புல் ஓரம் தவளைத் தூண்டில் கிடையாது. மண்புழுத் தூண்டில் போடும் பிள்ளைகளுக்குத் தடை இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மடையில் காவல் என்னுடையது, கூட அக்கா மகனும் வருகிறான்.