கோழி டைபாய்டு கிருமியும் மக்னீசியமும்

தென்னையில் அடி மட்டைகள் நுனியிலிருந்து மஞ்சளானால் மக்னீசியப் பற்றாக்குறை இருக்கலாம் என்பது கணியூர் வாய்க்கால் பாசன விவசாயிகள் அறிந்ததே. பயிருக்கு வேண்டிய இதே சத்து, கோழிகளை மடிய வைக்கும் கிருமிக்கும் வேண்டும் என்பது பலர் அறியாத செய்தி.

கோழி டைபாய்டு நோயை உண்டாக்குவது சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா. நோய் கண்ட கோழி இரை எடுக்காது, தூங்கி வழியும், கொண்டை வெளிறும், பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் கழியும்.

உடலில் நுழையும் கிருமியை இரத்தத்திலுள்ள காவல் அணுக்கள் விழுங்கிவிடும். ஆனால் சால்மோனெல்லா அந்த அணுவுக்குள்ளேயே பிழைத்துப் பெருகக்கூடியது. எப்படி?

மக்னீசியத்தை உள்ளிழுக்க இக்கிருமியிடம் மூன்று வகைப் பம்புகள் உள்ளன. ஒன்று எப்போதும் ஓடும். மற்ற இரண்டும் சத்து குறையும்போது மட்டும் ஓடும். மக்னீசியம் குறைந்ததைக் கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு புரதம் உணர்ந்து தகவல் தருகிறது என்பதை அமெரிக்காவில் குரோய்ஸ்மன் குழுவினர் 1996ல் கண்டறிந்தனர். காவல் அணுவுக்குள் மக்னீசியம் குறைவு, புளிப்பு அதிகம். இவற்றை உணர்ந்ததும் கிருமி பம்புகளை முடுக்கி, தற்காப்புக் கவசத்தையும் பூண்டுகொள்கிறது. உடலும் சும்மா இருப்பதில்லை. மக்னீசியத்தைக் கிருமிக்குக் கிடைக்காமல் செய்தே அதன் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்பதை, எலிகளில் ஆராய்ந்து 2019ல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தார் காட்டினர்.

இதைக் கேட்டுத் தீவனத்தில் தாது உப்பைக் குறைத்தால் கிருமி பட்டினி கிடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நலிவது கோழியே. கழிச்சல் கண்ட கோழிக்குப் பேதி உப்பு கொடுப்பதும் தவறு. அதுவும் மக்னீசிய உப்பே. கழிச்சல் கூடி உடலின் நீர் வற்றும்.

அணுவுக்குள் பதுங்கிய கிருமியை விரட்டுவது கடினம். பிழைத்த கோழியும் கிருமியைச் சுமக்கும். முட்டை வழியே குஞ்சுக்கும் தரும். ஆகவே அத்தகைய கோழியின் முட்டையை அடை வைக்கலாகாது. புதிதாக வாங்கிய கோழிகளைச் சில வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் எச்சம் விழாமல் காப்பது அவசியம். இறந்த கோழியை வாய்க்காலில் எறியாமல், சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும். நோய் இன்னதென்று கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்த பிறகே மருந்து கொடுப்பது நல்லது.

கிருமி உள்ளே போன பிறகு போராடுவதைவிட, போகாமல் தடுப்பதே சிறு விவசாயிக்குச் செலவு குறைந்த வழி.