பாலைவனத்துப் பூங்காவுக்குப் பேரனோடு போறீங்களா?

"ஏனுங்க டாக்டரய்யா, மகளும் மாப்பிள்ளையும் துபாய்க்கு வரச்சொல்லிக் கூப்பிடறாங்க. மே மாசம் போலாம்னு இருக்கோம். அங்க பார்க்கெல்லாம் ரொம்ப நல்லா இருக்குதாமே! பேரனைக் கூட்டிக்கிட்டு தினமும் சாயங்காலம் போயிட்டு வரலாமுங்களா?"

போன வாரம் தொண்டாமுத்தூரில் என் வைத்தியசாலைக்கு மூட்டு வலிக்கு மருந்து வாங்க வந்த ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. "தாராளமா போங்கம்மா. ஆனா மே மாசம் வேண்டாம். மார்கழியில போங்க" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வேறு வழியில்லாமல் என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தப்பு

என் மகளும் துபாயில்தான் இருக்கிறாள். முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனது ஒரு மே மாதத்தில். பேரனுக்கு அப்போது ஐந்து வயது. நாள் முழுக்க ஏ.சி. அறையில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் மாலை நாலரை மணிக்கு, "வாடா கண்ணு, விளையாடப் போலாம்" என்று பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். கையில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீர். தலைக்குத் தொப்பிகூட இல்லை.

முக்கால் மணி நேரம் ஓடினான், சறுக்கினான். தண்ணீர் தீர்ந்துபோனது. திடீரென்று வந்து, "அப்புச்சி, தலை வலிக்குது" என்றான். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. அடுத்த நிமிடம் வாந்தி. கால் நரம்பு இழுத்துப் பிடித்துக்கொண்டது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த தெலுங்குக்காரத் தோட்டத் தொழிலாளி ஓடி வந்து, பிள்ளையைத் தூக்கி நிழலில் கிடத்தி, தன் தண்ணீர் கேனையே கொடுத்தார். துண்டை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தோம். மகள் வந்து மருத்துவமனைக்குக் கொண்டு போனாள். இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். நிலத்துக்கு ஏற்ப நோய் மாறும் என்று பாடம் படித்தவன். அப்படியிருந்தும் தொண்டாமுத்தூர் நாலரை மணியை அப்படியே துபாய்க்குக் கொண்டு போய்விட்டேன்!

நம்ம ஊர் வெயில் வேறு, அந்த ஊர் வெயில் வேறு

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து நிலங்களையும் அவற்றுக்குரிய நோய்களையும் சித்த மருத்துவம் பிரித்துச் சொல்கிறது. இவற்றில் உடம்புக்கு நல்லது மருதம். நோய்க்கு இடம் கொடுப்பது பாலை. நம் நொய்யல் கரையில் வாழையும் பாக்கும் தென்னையும் நிழல் தருகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வியர்வையை உடனே உலர்த்துகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும்.

துபாய் பாலைவனம் மட்டுமல்ல, கடற்கரை ஊரும்கூட. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கூடவே கடலின் ஈரக் காற்றும் சேர்ந்துகொள்ளும். வியர்வை வழியும், ஆனால் உலராது. சூடு உள்ளேயே தங்கிவிடும். பொழுது சாய்ந்த பிறகும் தரையும் சுவரும் அனல் கக்கும். குழந்தைகளின் சின்ன உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தாகமும் தெரியாது.

இதை உணர்ந்துதான் அந்த நாட்டு அரசு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை செய்யத் தடை போட்டிருக்கிறது. உழைத்து உரமேறிய உடம்புக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு?

எங்கே போகலாம்?

அதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கச் சொல்லவில்லை. இரண்டாம் முறை ஒரு மார்கழியில் என் மனைவியோடு போனேன். அடடா! நம்ம ஊர் தை மாதக் காலை மாதிரி இதமான வெயில். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே பூங்காக் காலம்.

க்ரீக் பார்க்: 1994-ல் திறக்கப்பட்டது. கடற்கழியை ஒட்டிய பெரிய புல்வெளி. வயதானவர்கள் மெதுவாக நடக்க ஏற்ற இடம்.

ஜபீல் பார்க்: 2005-ல் திறந்தது. 150 மீட்டர் உயரச் சட்டம் போல நிற்கும் 'துபாய் ஃபிரேம்' இங்கேதான் 2018-ல் திறக்கப்பட்டது.

மம்ஸார் கடற்கரைப் பூங்கா: மணலும் நிழலும் ஒன்றாகக் கிடைக்கும்.

ராஸ் அல் கோர்: நகரத்து நடுவிலேயே ஒரு சதுப்பு நிலம். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்க மறைவிடம் கட்டியிருக்கிறார்கள்.

குர்ஆன் பூங்கா: 2019-ல் அல் கவானீஜ் பகுதியில் திறந்தது. குர்ஆனில் சொல்லப்பட்ட அத்தி, மாதுளை, ஆலிவ், பூண்டு, வெங்காயம் போன்றவற்றை வளர்த்து, அவற்றின் பயனையும் சொல்கிறார்கள். ஒரு சித்த மருத்துவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் மனைவி இழுத்துக்கொண்டு வரும்வரை நான் நகரவில்லை.

பூக்களால் ஆன மிராக்கிள் கார்டன் (2013), துபாய் சஃபாரி பார்க் (2017) இரண்டையும் கோடையில் மூடிவிடுவார்கள். போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாலைவனத்தில் இத்தனை பச்சை எப்படி? வருஷத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அங்கே பெரிய விஷயம். கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் பூங்காக்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். ஆகவே புல்வெளியில் பீய்ச்சும் தண்ணீரில் பிள்ளைகள் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடி வன்னியும் துபாய் வன்னியும்

முஷ்ரிஃப் பூங்காவில் ஒரு மரத்தைப் பார்த்து அசந்து நின்றேன். முள், மெல்லிய இலை, தொங்கும் கிளை... நம்ம வன்னி! கொடுமுடி மகுடேசுவரர் கோயிலில் கும்பிட்டு நிற்போமே, அதே வன்னி. அரபியில் 'காஃப்' என்கிறார்கள். 2008-ல் அந்த நாட்டின் தேசிய மரமாக அறிவித்தார்கள். வேரை ஆழத்துக்கு விட்டுத் தண்ணீர் தேடிக்கொள்ளும் மரம் அது. சாலையோரம் பார்த்தால் வேப்ப மரங்களும் நிற்கின்றன. "கண்ணு, இது நம்ம ஊர் மரம்டா" என்று பேரனுக்குக் காட்டினேன். "அதுவும் விமானத்துல வந்துச்சா அப்புச்சி?" என்று கேட்டான்!

நேரம்தான் மருந்து

சித்த மருத்துவத்தில் பகலின் நடுப்பொழுது அழல், அதாவது பித்தம் ஓங்கும் நேரம். குளிர்காலத்தில்கூட நடுப்பகலில் நிழலில் இருங்கள். காலை வெயில் கொஞ்ச நேரம் உடம்பில் படட்டும். வருஷம் பூராவும் வெயில் காயும் வளைகுடா நாடுகளில், ஏ.சி.க்குள்ளேயே அடைந்து கிடப்பதால் வைட்டமின் 'டி' குறைந்தவர்கள் ஏராளம். "எலும்பெல்லாம் வலிக்குது" என்று விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை நானே பார்க்கிறேன்.

கோடையில்தான் போக வேண்டும் என்றால், விடிந்த உடனே போய் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். இல்லையென்றால் நன்றாக இருட்டிய பிறகு போங்கள். அங்கே குடும்பங்கள் ராத்திரியில் பூங்காவுக்கு வருவது சகஜம். அப்போதும் அரை மணி நேரம் போதும்.

கையில் என்ன எடுத்துப் போகலாம்?

தண்ணீர் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில். தாகம் வரும் முன்பே கால் மணிக்கு ஒருதரம் நாலு வாய் குடிக்கச் சொல்லுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் அருமையான பானம். தொப்பி, வெளுத்த நிறப் பருத்திச் சட்டை அவசியம். சறுக்குமரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஏற்றுங்கள். பூட்டிய காரில் ஒரு நிமிடம்கூடக் குழந்தையை விட்டுப் போகாதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியவும் மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிகள், போகும் முன் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

முக்கியமான ஒன்று! குருமாவுக்கு என்று பெட்டியில் கசகசா வைத்துவிடாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். சூரணம், லேகியம் எதுவானாலும் அனுமதி உண்டா என்று விசாரித்த பிறகே எடுத்துப் போங்கள்.

இதைக் கண்டால் தாமதிக்காதீர்கள்

தலைவலி, வாந்தி, தசைப்பிடிப்பு, கிறுகிறுப்பு இவையெல்லாம் முதல் எச்சரிக்கை. உடனே நிழலுக்கோ ஏ.சி. அறைக்கோ கொண்டு போய், ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் குடிக்கக் கொடுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு தப்பக்கூடாது.

பிள்ளை உளறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத் தாக்கு. உயிருக்கே ஆபத்து. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பலிக்காது. என்னைப் போன்ற சித்த வைத்தியரையும் தேட வேண்டாம்! ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யுங்கள். அங்கே 998, இங்கே 108. வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டே இருங்கள்.

இதையெல்லாம் கேட்ட அந்த அம்மா, "அப்ப மார்கழிக்கே போறேனுங்க. பேரனுக்கு வன்னி மரத்தைக் காட்டோணும்" என்றார். மூட்டு வலிக்கு வாங்கிய மருந்தை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார். கூப்பிட்டுக் கொடுத்தேன்.