இரவுவேலைக்காரருக்கும் கணனிப் படிப்பு உண்டு

அமெரிக்காவுக்கு வந்த எம்மவரில் பலரிடம் படித்த சேட்டிபிக்கற் இல்லை. சிலருடையது இடப்பெயர்வில் தொலைந்தது, சிலருடையது வீட்டோடு எரிந்தது. என்னைப்போல் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவர்களும் உண்டு. அதனால் "கணனிப் படிப்பு பிள்ளைகளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு இரவுவேலைக்குப் போகிறோம். ஆனால் இந்த நாட்டில் கதவு அப்படி அடைபட்டில்லை.

முதலில் படிப்பு எத்தனை வகை என்று பார்ப்போம். தொழிற்சாலையை நினைத்தால் எளிதில் விளங்கும். மெசினை வடிவமைப்பவர் போன்றவர் புறோகிராம் எழுதுபவர். இவர் பைதன், ஜாவா போன்ற மொழிகளும் நல்ல கணிதமும் படிக்கவேண்டும். ஒரு மெசினிலிருந்து மற்றதற்குப் பொருள் போக பெல்ற் பூட்டுபவர் போன்றவர் நெற்வேர்க் படித்தவர். சிஸ்கோ கம்பனி 1997இல் தொடங்கிய பாடத்திட்டம் இன்று பல கல்லூரிகளில் நடக்கிறது. எல்லாம் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்ளும் மெயின்ரனன்ஸ்காரர் போன்றவர் சிஸ்டம் நிர்வாகி. லினக்ஸ், விண்டோஸ் சேர்வர், தரவுகளைப் பிரதி எடுத்துப் பாதுகாத்தல் ஆகியவை இவரது பாடங்கள்.

நேரே பல்கலைக்கழகம் போக முடியாதவர்கள் கொமியூனிற்றி கொலிஜில் தொடங்கலாம். மாலை வகுப்பும் ஆங்கில வகுப்பும் அங்கு உண்டு. நியூ ஜேர்சி எடிசனில் மிடில்செக்ஸ் கல்லூரி, கலிபோர்னியா சான்ரா கிளாராவில் மிஷன் கல்லூரி, ரெக்சாஸில் டலஸுக்கு வடக்கே கொலின் கல்லூரி ஆகியவை எம்மவர் வாழும் இடங்களுக்குக் கிட்ட உள்ளவை. கலிபோர்னியாவாசிகளுக்கு 2012 முதல் கட்டணம் ஒரு யூனிற்றுக்கு 46 டொலர். மூன்று யூனிற் பாடம் 138 டொலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதுவும் தள்ளுபடியாகலாம்.

சேட்டிபிக்கற் இல்லாதவர்கள் ஜீ.ஈ.டி. பரீட்சை எழுதலாம். கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம், சமூகக்கல்வி என நான்கு பாடங்கள்.

அடுத்தது பணம். இதை எம்மவர் பலர் அறியார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்களும் அசைலம் கிடைத்தவர்களும் ஃபாஃப்சா விண்ணப்பம் மூலம் மத்திய அரசின் கல்வி உதவி கேட்கலாம். பிரஜாவுரிமை தேவையில்லை. ஐ-94 பத்திரம் கையில் இருக்கவேண்டும். பெல் உதவித்தொகை திருப்பிக் கட்டவேண்டியதில்லை. 2025-26 கல்வியாண்டுக்கு உச்சத்தொகை 7,395 டொலர். ஆனால் வழக்கு இன்னும் முடியாதவர்களுக்கு, வேலை அனுமதி இருந்தாலும், இந்த உதவி இல்லை. அவர்கள் மலிவான கல்லூரியில் ஒவ்வொரு பாடமாக எடுப்பதே வழி.

பட்டம் தெரிவு செய்யும்போது கவனம் வேண்டும். ஏ.எஸ். என்பது பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகும் வழி. ஏ.ஏ.எஸ். என்பது பெரும்பாலும் நேரே வேலைக்குப் போகும் வழி. அதன் பாடங்கள் எல்லாவற்றையும் பல்கலைக்கழகம் ஏற்காது. நியூ ஜேர்சியில் 2007இல் வந்த மாற்றச் சட்டம் ஏ.ஏ., ஏ.எஸ். பட்டங்களுக்கே உரியது. சேருமுன் ஆலோசகரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

என்னோடு வேலைசெய்த ஒரு அண்ணா தனியார் பயிற்சி நிலையம் ஒன்றுக்குப் பல ஆயிரம் டொலர் கட்டினார். ஆறு மாதத்தில் வேலை என்றார்கள். கிடைத்தது ஒரு கடதாசி. அந்தப் பாடங்களை எந்தக் கல்லூரியும் ஏற்கவில்லை. கடனை அவர் ஓவர்ரைம் செய்து அடைத்தார். காசு கட்டுமுன், அங்கீகாரம் உள்ளதா, பாடங்கள் வேறு கல்லூரியில் செல்லுமா என்று விசாரியுங்கள்.

படித்தவுடன் வேலை நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். 2022இல் மெற்றா 11,000 பேரையும் 2023இல் கூகிளின் தாய்க் கம்பனி 12,000 பேரையும் நிறுத்தின. ஆனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பண்டகசாலை எல்லாவற்றுக்கும் நெற்வேர்க் பார்க்க ஆள் வேண்டும்.

முழுநேரம் படித்தால் இரண்டு வருடம், வேலையோடு படித்தால் நாலைந்து வருடம் ஆகும். வீட்டில் கலந்து பேசுங்கள். யார் எந்த நாள் பிள்ளைகளைப் பார்ப்பது என்று முடிவுசெய்துவிட்டு, அடுத்த தவணைக்கு ஒரு பாடமாவது பதியுங்கள்.