இரவல் பெயரில் வந்த மகள்

1966இல் தென்கொரிய ஆதரவற்றோர் இல்லம் ஒன்றிலிருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றப்பட்டாள். அவளைத் தத்தெடுத்த கலிபோர்னியக் குடும்பம் காத்திருந்ததோ, சா ஜங் ஹீ என்ற பெண்ணுக்காக. பணமும் கடிதமும் அனுப்பி அவர்கள் தொலைவிலிருந்தே பேணிவந்த பிள்ளை அவள். அவளை அவளுடைய அப்பா அழைத்துப் போய்விட, இல்லத்தார் காங் ஓக் ஜின் என்ற வேறு சிறுமியை அதே பெயரில் அனுப்பிவைத்தார்கள். தான் யாரென்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவளுக்கு இடப்பட்ட கட்டளை. அவள்தான் ஆவணப்பட இயக்குநர் டியான் போர்ஷே லீம்.

மொழி மறந்தது, ஊரும் உறவும் கனவுபோல மங்கின. வளர்ந்த பிறகு தத்தெடுப்புக் கோப்பில் ஒரே பெயரின்கீழ் இரண்டு முகங்களின் புகைப்படங்களைக் கண்டார். கொரியாவுக்குக் கடிதம் போட்டார். அண்ணனிடமிருந்து பதில் வந்தது: அம்மா உயிரோடு இருக்கிறார்.

2000இல் வந்த அவரது ‘ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்’ ஆவணப்படம் இதைத்தான் சொல்கிறது. வளர்ப்புத் தந்தை எடுத்த வீட்டுப் படச்சுருள்களில் சிறுமி சிரித்துக்கொண்டே இருக்கிறாள்; மேலே ஒலிக்கும் இயக்குநரின் குரல் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த இழப்பைச் சொல்கிறது. விமான நிலையத்தில் வளர்ப்பு அம்மா முதலில் வேறொரு குழந்தையை நோக்கிப் போனதை அமெரிக்கச் சகோதரி இயல்பாக நினைவுகூர்கிறார். அன்பு நிறைந்த வீட்டில்கூட, எந்தக் குழந்தை என்பது பொருட்டாக இல்லை. இவ்வளவு வலிக்கும் காட்சி படத்தில் வேறில்லை. பின்னர் இயக்குநர் தன்னை வளர்த்தவர்களைக் கொரியாவுக்கே அழைத்துப் போய், இரண்டு குடும்பங்களையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். இரண்டு தாய்மாரின் பாசமும் உண்மை என்பதால், யாரையும் குற்றவாளியாக்காமல் நகர்கிறது படம். அதன் பெரிய வலிமை இதுவே.

‘இன் த மேட்டர் ஆஃப் சா ஜங் ஹீ’ (2010) படத்தில், தான் சுமந்த பெயருக்கு உரியவரைத் தேடுகிறார். அதே பெயருள்ள பெண்கள் பலரைச் சந்திக்கிறார். கொரியாவிலேயே இருந்திருந்தால் தனக்கு என்ன வாழ்வு வாய்த்திருக்கும் என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் அவருக்காகக் காத்திருக்கிறது.

கொரியப் போருக்குப் பின் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 2,00,000 பேர். ‘ஜியாக்ரஃபீஸ் ஆஃப் கின்ஷிப்’ (2019) அவர்களில் நால்வரைப் பின்தொடர்ந்து, ஒரு வீட்டின் ரகசியத்தை ஒரு நாட்டின் வரலாறாக விரிக்கிறது. பெற்றோர் இருந்தும் அநாதை எனப் பதிந்ததையும், ஆள் மாற்றி அனுப்பியதையும் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் மனித உரிமை மீறல் என்று ஏற்றுக்கொண்டது.