அண்ணாமலை என்னும் பெயர்

திருவண்ணாமலையை வலம் வருவோர் மலையின் மேற்குப் பக்கத்தே அடி அண்ணாமலை என்னும் ஊரைக் காண்பர். ஆங்குள்ள கோயில் ஆதி அருணாசலேசுவரர் கோயில் என வழங்குகின்றது. இதுபற்றி ஊரின் பெயரையும் 'ஆதி அண்ணாமலை' எனத் திருத்தி எழுதுவாருளர். அத்திருத்தம் வேண்டாததொன்றென்பதே எம் கருத்து. 'ஆதி' என்பது 'அடி' எனத் திரிந்ததாயின், நெடில் குறுகுதலோடு தகரம் டகரமாதலும் வேண்டும். தமிழில் அங்ஙனம் திரிதல் இயல்பன்று. மேலும், மலையின் அடி என்னும் பொருளேயன்றித் தொடக்கம் என்னும் பொருளும் 'அடி' என்னும் சொற்கு உண்டு. 'அடிநாள்' என்னும் வழக்கை நோக்குக. ஆதலின் 'ஆதி' தரும் பொருளை 'அடி' தானே தருகின்றது. அடிமுடி தேடிய கதைக்கு நிலைக்களமாகிய மலையின்கண் 'அடி' என்னும் சொல்லை இழப்பது பெரிதும் இரங்கத்தக்கது.

இனி, 'அண்ணா' என்பதனை நோக்குவோம். அண்ணுதல், கிட்டுதல். அண்ணாத மலை 'அண்ணாமலை' என நின்றது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அயனும் மாலும் அணுகவொண்ணாமையை இது குறிக்குமென்பர். அண்ணாந்து நோக்கும் மலை என்று கொள்ளுதற்கும் இடமுண்டு. ஆயினும், முன்னதே கதையோடும் வழக்கோடும் இயைந்தது.

அருணாசலம் என்பது இதன் மொழிபெயர்ப்பு எனப் பலர் கருதுவர். அஃது அன்று. அருணம், செம்மை, அசலம், அசையாதது, எனவே மலை. எதிர்மறை இரண்டினும் உளது. ஆனால் ஒன்று அணுகுவாரைப் பற்றியது, மற்றொன்று மலையைப் பற்றியது. அம்மையின் பெயரோ வேறு நிலையினது. உண்ணாமுலை என்பதும் அபீதகுசம் என்பதும் சொல்லுக்குச் சொல் ஒக்கும். உண்ணாமுலை, அண்ணாமலை என்னும் இரண்டும் ஒரே வாய்பாட்டில் அமைந்து, ஓசையாலும் இணைந்து நிற்றல் கருதத்தக்கது.

தலத்தின் பெயரை மகவுக்கு இடுதல் நம் நாட்டு வழக்கு. சிதம்பரம், பழனி என்பனவும் இவ்வாறு வந்தனவே. இத்தாலி நாட்டிலும் இவ்வழக்குக் காணப்படுகின்றது. ஆங்கு மரியன்னையின் திருத்தலமாகிய லொரேத்தோ என்னும் ஊரின் பெயரை ஆடவர்க்கு இடுவர். பெண்டிர்க்கு லொரேத்தா என்பர். மணமுடைய இலைகொண்ட லாரல் என்னும் மரத்தின் சோலை என்பதே அவ்விலத்தீன் சொல்லின் முதற்பொருள். பெயரிடுவார் சோலையை எண்ணுவதில்லை, தலத்தையே எண்ணுவர். அண்ணாமலை என மகனை அழைப்பாரும் இலக்கணத்தை எண்ணுவதில்லை.

பண்புபற்றிய பெயர் இதனின் வேறுபடும். 1680இல் இத்தாலியிற் பிறந்த பெஸ்கி பாதிரியாரின் இயற்பெயர் கொஸ்தான்சோ. உறுதியாய் நிற்பவன் என்பது பொருள். அதனால் அது தமிழில் தைரியநாதர் எனப் பெயர்க்கப்பட்டது. வீரமாமுனிவர் என்பது பின்னர் வழங்கியது. தலப்பெயரை இவ்வாறு பெயர்ப்பின் தலம் மறைந்துவிடும்.

தலப்பெயர் ஆட்பெயராய்ப் பின் மீண்டும் இடப்பெயராதலும் உண்டு. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவ, 1929இல் எழுந்த பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியது. அஃது அமைந்த இடம் அண்ணாமலைநகர் ஆயிற்று. மலையே இல்லாத சமவெளியில் ஒரு மலைப்பெயர் நிலைத்தது இவ்வாறே.