கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

மீன்தொட்டியிற் பாசி படர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று எவரைக் கேட்டாலும், “கழுவவேண்டும்” என்றே விடை வரும். யானும் ஒரு காலத்தில் அவ்விடையையே கூறினேன். அதன் பயனாக நான்கு மீன்கள் மாண்டன. அக்கதையை மறைக்காது சொல்லிவிடுவதே முறை.

எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் மூன்றடி நீளமான கடல்நீர்த் தொட்டியொன்று உண்டு. காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலிருந்து மாணவர் கலன்களிற் சுமந்துவந்த நீரால் நிரப்பியது அது. கோமாளி மீன்கள் இரண்டும் நீலநிறச் சிறுமீன்கள் மூன்றும் அதில் வாழ்ந்தன. ஓர் ஆவணி விடுமுறையின்போது காவலாளி அன்பு மிகுதியால் இரையை அள்ளி அள்ளி இட்டுவிட்டார். நாம் திரும்பி வந்தபோது கண்ணாடி பச்சையாக இருந்தது; மணலின்மேற் கருஞ்சிவப்பான ஆடையொன்று படர்ந்து, விரலாற் தொட்டால் தோல்போல் உரிந்து வந்தது.

பரிசளிப்பு விழா அண்மித்திருந்தது. விருந்தினர் கண்ணில் இவ்வழுக்குப் படலாகாது என்றெண்ணி, முற்றாகக் கழுவுமாறு பணித்தேன். மாணவர் குறை வைக்கவில்லை. மீன்களை வாளியில் விட்டு, மணலையும் வடிகட்டும் கடற்பஞ்சையும் வெளிற்றும் தூள் இட்டுத் தேய்த்து, வெயிலில் உலர்த்தி, புதுக் கடல்நீர் நிரப்பினர். தொட்டி பளிங்காய் ஒளிர்ந்தது. மூன்றாம் நாள் நீர் அரிசி களைந்த தண்ணீர்போல் வெளுத்தது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. விழா நாட் காலையில் நான்கு மிதந்தன. “ஐயா, அழுக்கைத்தானே கழுவினோம்? மீன் ஏன் செத்தது?” என்று சிறு வகுப்பு மாணவனொருவன் கேட்டான்.

நாம் கழுவியது அழுக்கை மட்டுமன்று. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். 1890 ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் தெளிவாக்கிய உண்மை இது. இவை மணலிலும் கல்லிலும் கடற்பஞ்சிலும் ஒட்டி வாழ்வன. புதுத் தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். வெளிற்றும் தூளால் அவற்றை ஒரே பகலில் அழித்துவிட்டோம். நீரை வெளுக்கச் செய்தவையோ வேறு பற்றீரியாக்கள். எஞ்சிய இரையில் விரைந்து பெருகி, மீனுக்குரிய ஒட்சிசனை அவை உண்டுவிட்டன.

இலண்டனில் றொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர் எம்மிலும் விவேகி. பொன்மீன்கள் இரண்டையும் நீர்ச்செடியையும் ஒரு தொட்டியில் வளர்த்தார். இலைகள் அழுகிப் பாசி படர்ந்து கண்ணாடி மங்கியபோது, அவர் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் உண்டன. நத்தைகளின் முட்டை மீனுக்கு இரையாயிற்று. இதனை 1850 இல் வெளியிட்டார். பின்னர் கடல்நீரிலும் முயற்சியைத் தொடர்ந்தார்.

நாம் மீண்டும் தொடங்கினோம். எஞ்சிய கோமாளியைக் காக்க, நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றினோம். பாலுக்கு உறைமோர் இடுவதுபோல, நண்பரொருவரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலை வாங்கி இட்டோம். முதலிற் கபிலநிறப் படலம் வந்தது. அது தயற்றம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டிகளில் வருவது வழக்கம். பெரும்பாலும் சில வாரங்களிற் தானே நீங்கும், எமக்கும் நீங்கியது. ஆனாற் பச்சையும் சிவப்பு ஆடையும் மீண்டன. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் அவ்வாடை மெல்லிய இழைகளின் பின்னல். பாசிபோல் ஒளியில் உணவாக்கினும், உண்மையில் அது சயனோபற்றீரியா. நீரோட்டம் குன்றிய மூலையில், மிகுந்த போசணை கிடைக்குமிடத்திற் செழிப்பது.

அப்போசணை எங்கிருந்து வந்தது? இரையைக் குறைத்தாயிற்று, சன்னல் வெயிலையும் மறைத்தாயிற்று. ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பற்ற நீரே விடவேண்டும். நாம் வாரந்தோறும் கிணற்று நீர் விட்டுவந்தோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையினூடாகத் தோட்டத்து உரம் கசிவதால், இங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுதி. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைக் கடந்த கிணறுகள் பல உண்டு. நீர் ஆவியாகும், நைத்திரேற்று தங்கும். பாசிக்கு நாமே வாளி வாளியாய் விருந்திட்டோம்! (இதே நீரைக் குழந்தைகளும் பருகுகின்றனர் என்பது தனிக் கட்டுரைக்குரிய கவலை.) இப்போது வெளியிற் பாத்திரம் வைத்து மழைநீர் சேர்க்கிறோம், தகரக் கூரையில் வழிந்ததை ஏற்பதில்லை.

சிவப்பு ஆடையை இறப்பர்க் குழாயால் உறிஞ்சி அகற்றுகிறோம். வாரம் பத்திலொரு பங்கு நீரை மாற்றுகிறோம். கடற்பஞ்சை அந்தப் பழைய நீரிலேயே அலசுகிறோம். காற்றுக் குழாயை மந்தமான மூலைக்குத் திருப்பியதும் பாதிக் குறை தீர்ந்தது. ஆடையைக் கொல்லவென நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இடுவோர் உளர். அது நல்ல பற்றீரியாவையும் தாக்கக்கூடும், மடிந்த ஆடை அழுகி ஒட்சிசனையும் குறைக்கும். செப்புச் சேர்ந்த மருந்தோ நத்தைகளுக்கு எமன்.

தொட்டியில் இப்போது ஆறு கடல் நத்தைகள் உள. பின்புறக் கண்ணாடியை நாம் துடைப்பதில்லை. அங்குள்ள பச்சை அவற்றுக்குரியது. முன்புறத்தை மட்டும், அன்று என்னைக் கேள்வி கேட்ட மாணவன் திங்கட்கிழமைதோறும் துடைத்து வருகிறான்.