பைபாஸ் சத்திரசிகிச்சையும் விற்றமின் சீ குளிசையும்

வீட்டில் ஒருவருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்துவிட்டால் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் ஒருவராவது "விற்றமின் சீ ஆயிரம் மில்லிகிராம் வாங்கிக் குடுங்கோ, இருதயத்துக்கு நல்லது" என்று சொல்லுவார். இந்த ஆலோசனையில் ஓரளவு உண்மை இருக்கிறது. எவ்வளவு என்று பார்ப்போம்.

இருதய சத்திரசிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 20 முதல் 40 பேருக்கு, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாட்களில், இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறுகிறது. இருதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குகின்றன. இதனை ஏட்ரியல் பிப்ரிலேசன் என்பார்கள். ஒப்பரேசன் பிழைத்துவிட்டதோ என்று வீட்டார் பதறுவார்கள், அப்படியல்ல. அநேகருக்கு இது சில நாட்களில், அல்லது சில வாரங்களில், சரியாகிவிடும். ஆனால் மேலறையில் தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரலாம். அதனால்தான் வைத்தியர்கள் இதை இலேசாக எடுப்பதில்லை.

சத்திரசிகிச்சையின்போது உடலில் அழற்சி ஏற்படுகிறது; இரத்தத்தில் விற்றமின் சீயின் அளவும் குறைகிறது. அதை ஈடுசெய்தால் துடிப்பு தடுமாறாதோ என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் எண்ணம். 2001இல் அமெரிக்காவில் 43 நோயாளிகளுக்கு முதல்நாள் இரவு 2 கிராமும், பின்னர் ஐந்து நாட்களுக்கு 500 மில்லிகிராம் வீதம் இருவேளையும் கொடுத்தார்கள். அவர்களில் 16 வீதமானோருக்கே இந்தத் தடுமாற்றம் வந்தது. கொடுக்கப்படாதவர்களில் அது 35 வீதம். பத்திரிகைகளுக்கு இது போதுமாயிருந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்டதுமல்ல.

2017இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2050 பேர் பங்குகொண்ட 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்த ஐந்திலும் சேர்த்துப் பார்த்தால் பயன் எதுவுமில்லை. ஈரான் முதலிய பிற நாடுகளில் நடந்த ஒன்பது சத்திரசிகிச்சை ஆய்வுகளில் 44 வீதக் குறைவு! இந்த வேறுபாட்டுக்கான காரணம் இன்னும் முடிவாகவில்லை. உடலில் ஏற்கனவே விற்றமின் குறைந்தவர்களுக்குத்தான் இது உதவுகிறது போலும் என்பது என் ஊகம்.

ஆகவே வைத்தியசாலைகள் நம்புவது பீற்றா புளொக்கர், அமியோடரோன் போன்ற மருந்துகளைத்தான். "குளிசை கூடிப்போச்சு" என்று பீற்றா புளொக்கரைத் திடீரென நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. நின்ற துடிப்புத் தடுமாற்றம் திரும்பவும் வரலாம்.

விற்றமின் குளிசையைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். நீரிழிவு உள்ள நம்மவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். விற்றமின் சீ அதிக அளவில், குறிப்பாக ஊசி மூலம், ஏற்றப்பட்டால் சில குளுக்கோமீற்றர்கள் சீனியை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்களும், வார்பரின் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் தொடவேகூடாது.

சாதாரண நாளாந்தத் தேவை 100 மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு கொய்யாப்பழம், அல்லது இரண்டு தோடம்பழம் போதும். சிறுநீரக நோயாளர் பழங்களையும் கேட்டே சாப்பிடவேண்டும்.

வீடு திரும்பியபின் நெஞ்சு படபடத்தாலோ, நாடி தாறுமாறாக அடித்தாலோ அன்றே வைத்தியசாலையுடன் தொடர்புகொள்ளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் உறவினரை அழைக்கமுன் அம்புலன்சை அழையுங்கள்.